நோயாளியைக் காப்போரைக் காப்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த ஆண்டு விழாவில் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று சங்கத்து இளைஞர் இருவர் மழையில் நனைந்தபடி நம் வீட்டு வாசலுக்கு வந்தனர். எதைப்பற்றிப் பேசுவது என்று நாம் தயங்கிக்கொண்டிருந்தோம். வந்தவருள் ஒருவர், தாம் வைத்தியசாலை ஒன்றிற் சிற்றூழியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதென்று மகிழ்ச்சியோடு சொன்னார். "நல்லது தம்பி, தடுப்பூசி போட்டுக்கொண்டாயா?" என்று கேட்டோம். "காய்ச்சலுக்கா ஐயா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியே இன்றைய பேச்சுக்குப் பொருளைத் தந்துவிட்டது.

தோட்டத்து மருந்துச்சாலையிலும் பின்னர் அரசாங்க வைத்தியசாலையிலுமாக நெடுங்காலம் மருந்து கலந்தும் காயம் கட்டியும் காலம் கழித்தவர் நாம். நோயாளியின் துன்பத்தைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. அவரைத் தூக்குகிறவர், துடைக்கிறவர், அவர் படுத்த விரிப்பை வெளுக்கிறவர், அவருக்கு ஊசி போடுகிறவர் ஆகியோருக்கு அந்த வேலையினாலேயே வருகின்ற துன்பத்தைப் பற்றிப் பேசிய மேடையை நாம் கண்டதில்லை. ஆகவே இன்று அதைப்பற்றிப் பேசுகிறோம்.

அன்பர்களே, முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றில், கொந்தராத்துக்காரர் ஒருவரின் கீழ்க் கூட்டித் துடைக்கும் வேலை செய்த தாய் ஒருவர் இருந்தார். கொழுந்தெடுத்துக் கொழுந்தெடுத்து முழங்கால் தேய்ந்த பின் அந்த வேலைக்கு வந்தவர். ஒருநாள் விடியற்காலையில் வார்ட்டிலிருந்த கறுப்புப் பையைத் தூக்கும்போது, பைக்குள்ளிருந்த ஊசியொன்று விரலிற் குத்தியது. கறுப்புப் பை பொதுக் குப்பைக்கு உரியது. அதில் ஊசி இருக்கவே கூடாது. அவரோ விரலைச் சேலைத் தலைப்பிலே துடைத்து, சுண்ணாம்பு தடவி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைய பேர் விழாமற் போய்விடுமோ என்ற பயம், "பார்த்துத் தூக்கத் தெரியாதா?" என்ற ஏச்சுக்குப் பயம்.

மூன்று வாரங் கழித்து, யாரோ சொன்ன கதையைக் கேட்டு நடுங்கிப்போய் நம்மிடம் வந்தார். குத்திய உடனே செய்திருக்க வேண்டிய காரியங்களுக்கு அப்பொழுது காலம் கடந்துவிட்டது. இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதும், மறுபடி சோதித்துப் பார்ப்பதுமே எஞ்சியிருந்தன. ஆறு மாதம் அந்தத் தாய் தம் சோற்றுக் கோப்பையை வேறாக வைத்துக்கொண்டார். பேரக் குழந்தையை மடியில் வைக்க மறுத்தார். இந்நோய்கள் கோப்பையாலும் மடியாலும் பரவுவதில்லை என்று நாம் எத்தனை முறை சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. கடைசியில் நோய் ஒன்றும் இல்லையென்று தெரிந்தது. தப்பினார். ஆனால் அவரைத் தப்புவித்தது அதிர்ஷ்டமேயன்றி எந்த ஏற்பாடும் அன்று.

இதை விதி என்று சொல்வோர் உண்டு. அந்த ஊசி கறுப்புப் பைக்குள் எப்படி வந்தது என்று நாம் விசாரித்தோம். அன்றிரவு அந்த வார்ட்டு முழுவதற்கும் தாதி ஒருவரே. ஊசிகளைப் போடும் பெட்டி வார்ட்டின் மறுகோடியில் இருந்தது. நோயாளி ஒருவருக்கு மூச்சுத் திணற, தாதி கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினார். தட்டில் இருந்த பஞ்சோடும் காகிதத்தோடும் ஊசி குப்பைக்குப் போயிற்று. தாதியைக் குறை சொல்வதா? தாயைக் குறை சொல்வதா? இருவருமே தத்தம் கடமையைச் செய்தவர்கள். ஆள் குறைவு, பெட்டி தூரம், அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்து மூட்டிய வினை, வார்ட்டிலே சம்பளம் மிகக் குறைந்த ஒருவரின் விரலிற் போய் முடிந்தது. சிகிச்சை முடிகின்ற இடத்தில் அபாயம் முடிவதில்லை. அது கை மாறிக் கை மாறிக் கீழே இறங்குகிறது. இன்று நாம் சொல்ல வந்த விஷயம் இதுவே.

வைத்தியசாலை ஊழியர் என்றால் டாக்டரும் தாதியும் மாத்திரமே பலருடைய நினைவுக்கு வருகின்றனர். அட்டென்டன், துப்புரவாளர், சலவை செய்பவர், சமையற்காரர், நோயாளர் காவு வண்டியின் சாரதி, பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் பார்ப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், பிரேத அறையில் வேலை செய்பவர், தோட்டத்து மருத்துவமாது ஆகிய எல்லோரும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலின் கீழ்வரிசையில் நிற்பதால் இவ்விஷயம் நமக்கு மிக நெருங்கியது.

மலைநாட்டு வைத்திய வசதியின் சரித்திரம் நீண்டது. 1872-ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912-இல் அது புதுப்பிக்கப்பட்டது. தோட்டந்தோறும் மருந்துச்சாலையும், சில இடங்களிற் பிரசவ வார்ட்டோடு கூடிய சிறு வைத்தியசாலையும் எழுந்தன. 1972, 1975-ஆம் ஆண்டுகளிற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 2017 மே மாதத்தில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் 150 படுக்கைகள் கொண்ட கட்டடத்தை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்ததை நம்மிற் பலர் நேரிலே கண்டோம். கட்டடம் எழுந்தது நன்று. அதற்குள் நின்று இரவு பகலாக உழைப்பவரின் உடம்பைப் பற்றியும் அதே அக்கறை எழ வேண்டுமன்றோ?

இந்த அக்கறை புதியதன்று. இத்தாலி நாட்டு வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்பவர் 1700-ஆம் ஆண்டில், தொழிலாளருக்குத் தொழிலால் வரும் நோய்களைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். அதிலே மருத்துவிச்சிகளுக்கு வரும் துன்பத்திற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியைப் பார்க்கும்போது, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்று வைத்தியருக்குச் சொன்னவர் அவர்.

இன்னொரு சரித்திரம் வியன்னா நகரத்தது. அங்கே இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவித்த தாய்மார் காய்ச்சலால் மடிவதன் காரணம் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். 1847-இல் அவருடைய நண்பரான டாக்டர் கொலெச்கா பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்று, சில நாளில் இறந்தார். அவருடைய உடலைச் சோதித்த குறிப்பை வாசித்த செம்மல்வைஸ், தாய்மார் இறந்ததும் இதே விதமாகத்தானே என்று திடுக்கிட்டார். பிரேதத்தைத் தொட்ட கையே தாய்மாருக்கு நஞ்சைக் கொண்டுபோகிறதென்று கண்டு, குளோரின் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டுமென்று கட்டளையிட்டார். மரணங்கள் மளமளவென்று குறைந்தன. வைத்தியசாலை ஊழியர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தைக் கூர்ந்து பார்த்ததனால் எத்தனையோ தாய்மார் பிழைத்தனர். ஊழியரின் நலமும் நோயாளியின் நலமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி அபாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஊசியும் இரத்தமும். உலக சுகாதார ஸ்தாபனம் 2002-இல் வெளியிட்ட அறிக்கையில், உலகிலுள்ள சுகாதார ஊழியர் 3 கோடியே 50 இலட்சம் பேரில் ஆண்டுதோறும் 30 இலட்சம் பேர் இத்தகைய குத்துக்கு ஆளாகின்றனர் என்று மதிப்பிட்டது. நோயுற்றவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்னும் ஈரல் நோய் தொற்றுவது நூற்றுக்கு 6 முதல் 30 வரை. ஹெபடைட்டிஸ் சி தொற்றுவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. தொற்றுவது ஏறத்தாழ 300 குத்துக்கு ஒன்று. எல்லோரும் அஞ்சுவது கடைசியாகச் சொன்ன நோய்க்கு. மிக எளிதிலே தொற்றுவதோ முதலிற் சொன்னது. அக்கிருமி உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். ஆனால் அதற்குத்தான் நல்ல தடுப்பூசியும் இருக்கிறது. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்கு இது போடப்பட்டு வருகிறது. அதற்குமுன் பிறந்து இன்று வார்ட்டிலே வேலை செய்வோர், தாமாகக் கேட்டுப் போட்டுக்கொண்டாலன்றிக் காப்பற்றவர்களே.

இரண்டாவது, மூச்சுக்காற்று. காசநோய்க் கிருமியை ரொபேர்ட் கொக் 1882-இல் உலகுக்கு அறிவித்தார். நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்காக மிதக்கும். கொழும்பிலே வெக்கைக்கு ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உள்ள ஊர். மார்கழி, தை மாதத்துக் குளிரில் ஜன்னலைத் திறவுங்கள் என்றால் நோயாளியே சண்டைக்கு வருவார். குளிருக்கு மூடிய ஜன்னல் காசநோய்க்குத் திறந்த கதவாகிறது. கம்பளி இன்னொன்று கொடுத்து ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பதே மலைநாட்டு வார்ட்டுக்கு ஏற்ற வைத்தியம். இருமுகிற நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம் போதும். அருகே நின்று வேலை செய்பவருக்கோ என்-95 என்னும் நெருக்கமான முகக்கவசம் வேண்டும். சேலைத் தலைப்பால் மூக்கை மூடுவது காப்பு ஆகாது.

மூச்சின் வழியே வந்த பெரும் பீடைகளை நம் காலத்திலேயே கண்டோம். 2003-இல் சார்ஸ் நோய் கண்ட ஏறத்தாழ 8,000 பேரில் ஐந்தில் ஒரு பங்கினர் சுகாதார ஊழியர். அந்நோயை உலகுக்கு எச்சரித்த இத்தாலிய வைத்தியர் கார்லோ உர்பானி அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அதே நோயால் பாங்கொக்கில் மாண்டார். 2018 மே மாதத்தில் கேரளத்தின் பேராம்பிரா வைத்தியசாலைத் தாதி லினி, நிபா நோயாளியைப் பராமரித்ததனால் அந்நோயே பற்றி இறந்தார். அவர் இரு குழந்தைகளின் தாய். கொவிட் காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 மே வரை, உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதார ஊழியர் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. நம் நாட்டில் 2021 பெப்ரவரியில் ராகமை வைத்தியசாலையின் 32 வயது டாக்டர் ஒருவர் இறந்தார். தடுப்பூசி நம் நாட்டிலே போடத் தொடங்கி அப்பொழுது சில நாட்களே ஆகியிருந்தன.

மூன்றாவது, முதுகு. இதைப் பத்திரிகை எழுதாது. லயத்திலிருந்து நோயாளியைக் கம்பளியிற் போட்டுச் சறுக்கும் படிக்கட்டில் இறக்குவதும், வார்ட்டிலே நிறைமாதக் கர்ப்பிணியைத் தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதும், நினைவற்ற பெரியவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் அன்றாட வேலை. நால்வர் செய்ய வேண்டியதை இருவர் செய்தால், நாற்பது வயதில் நாரி பிடித்துக்கொள்கிறது. அட்டென்டன் வேலையை விட்டு வீட்டில் முடங்கியோரைக் கேட்டுப் பாருங்கள். கிருமியைவிட முதுகையே அதிகம் சொல்வார்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுவதும் இதோடு சேர்ந்தது.

நான்காவது, மருந்தும் கதிரும். மலசலகூடம் கழுவும்போது, நன்றாக வெளுக்கட்டும் என்று வெளிற்றும் தூளையும் அமிலத்தையும் ஒன்றாய்க் கலப்பவர் உண்டு. அப்போது எழுவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில், முதலாம் உலக யுத்தத்தின்போது, ஈப்பர் என்ற இடத்திற் போர்வீரரைக் கொல்ல விட்ட நச்சுவாயு அதுவேதான். கதவடைத்த சிறு அறையில் அதைச் சுவாசித்த துப்புரவாளர் கண் எரிந்து, நெஞ்சடைத்து விழுந்தால் ஆச்சரியமென்ன? எக்ஸ்ரே கதிர் 1895-இற் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் தீமை தெரியுமுன் கையை இழந்தவரும் உயிரை இழந்தவரும் பலர். அவர்களின் நினைவாக ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரிலே 1936-இல் நிறுவிய கல்லில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஈயக் கவசமும், உடம்பிற் பட்ட கதிரை அளக்கும் சிறு பட்டையும் இன்று நமக்குக் கிடைத்திருப்பது அவர்கள் கொடுத்த விலையால்.

ஐந்தாவது, இரவும் மனமும். இரவு வேலை உடம்பின் இயல்பான ஒழுங்கைக் குலைப்பது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம், இரவு முறை வேலை புற்றுநோயைத் தூண்டக்கூடியதாக இருக்கலாமென்று 2007-இலும் மீண்டும் 2019-இலும் வகைப்படுத்தியது. தூக்கங் கெட்ட கை தவறுகிறது. தவறிய கையில் ஊசி குத்துகிறது. இதன்மேல் ஏச்சும் அடியும். மலைநாட்டிலே நோயாளி பேசுவது தமிழ். உத்தியோகத்தருக்குப் பல இடங்களிற் சிங்களமே தெரியும். சொன்னது விளங்காத கோபம் முதலிற் போய் மோதுவது இரண்டுக்கும் இடையில் நிற்கிற அட்டென்டன் மேல்.

இன்னும் ஒன்று உண்டு. அதைச் சொல்ல நாக் கூசுகிறது. 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொவிட் நோயால் இறந்தார். அவரை அடக்கஞ் செய்யக் கொண்டுபோனவர்களை ஒரு கூட்டம் கல்லாலும் தடியாலும் தாக்கியது. அவருடைய நண்பரான டாக்டர் பிரதீப் குமார், நள்ளிரவிலே தம் கையால் மண்ணை அள்ளிப் போட்டு அடக்கஞ் செய்ய நேர்ந்தது. அந்தக் கூட்டமும் தமிழ் பேசிய கூட்டமே. நோயோடு போராடியவரை நோயாகவே பார்க்கும் குணம் நம்மிடமும் இருக்கிறது. நம் லயத்திலும் கொவிட் காலத்தில் வைத்தியசாலையில் வேலை செய்த பெண் தண்ணீர்ப் பீலிக்கு வந்தபோது விலகிப் போனவர்கள் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அபாயம் எல்லா வைத்தியசாலையிலும் உண்டு. ஆனால் ஒருவருக்குப் பலிப்பதும் ஒருவருக்குப் பலியாததும் ஏன்? ஆள் குறைந்த வார்ட்டு, நீண்ட முறை, கைக்கெட்டாத பெட்டி, போடாத தடுப்பூசி, பயிற்சியின்றி முதல்நாளே வேலைக்கு இறக்குதல், தெரியாத மொழியில் ஒட்டிய அறிவிப்பு, நிரந்தரமற்ற வேலை, எல்லாவற்றிற்கும் மேலாகச் சொல்லாமல் மறைத்தல்: இவையே காரணங்கள். இவற்றில் ஒன்றாவது விதியின் கையில் இல்லை. எல்லாம் மனிதர் கையில் இருப்பவை.

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். நாம் வேலை பழகிய நாளிற் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் அவித்து, மழுங்கிய ஊசியைக் கல்லிற் தீட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். பின்பு ஒரு முறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்சு வந்தபோது, போட்டு முடிந்ததும் மூடியை மறுபடி மாட்டி வை என்று நமக்குக் கீழ் வேலை செய்த இளைஞருக்குக் கற்பித்தவர் நாமே. பாதுகாப்பு என்று நினைத்தோம். மூடி மாட்டும்போதுதான் பலருக்கும் விரலிற் குத்துகிறது என்று பிற்பாடு கற்றுக்கொண்டோம். மூடியை மாட்டாமல் அப்படியே பெட்டியிற் போடுவதே முறை. நம் சொற்கேட்டுக் குத்து வாங்கியவர் எத்தனை பேரோ! அறியாமற் செய்த பிழையானாலும் அது நம் மனதிலே உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்று இங்கே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிச் செய்ய வேண்டியது யாது? காப்புக்கு ஒரு வரிசை உண்டு. அபாயத்தையே நீக்க முடியுமா என்பது முதற் கேள்வி. வாயால் விழுங்கும் மருந்து போதுமானால் ஊசி எதற்கு? இரண்டாவது, நல்ல கருவியும் அதை வைக்கும் இடமும்: ஊசிப் பெட்டி கட்டிலருகே வரட்டும், முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றப்படட்டும். மூன்றாவது, ஒழுங்கும் பயிற்சியும்: தொற்றுக் கழிவுக்கு மஞ்சள், ஊசி முதலிய கூரியவற்றுக்குச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள், பொதுக் குப்பைக்குக் கறுப்பு என்ற நிற ஒழுங்கைப் பெரிய டாக்டர் முதல் சிறிய துப்புரவாளர் வரை எல்லோரும் கைக்கொள்ளட்டும். கையுறை, சப்பாத்து, முகக்கவசம் ஆகியவை கடைசிக் காப்பு. கடைசிக் காப்பை மாத்திரம் கையிற் கொடுத்துவிட்டு, "எல்லாம் கொடுத்துவிட்டோம்" என்று நிர்வாகம் சொல்வது, கூரை ஒழுகுகிற லயத்துக்குக் குடை கொடுப்பது போன்றது. அந்தக் குடையும் வேண்டும், கூரையும் வேண்டும்.

ஊழியரான இளைஞர்களே, உங்களுக்குச் சில வார்த்தை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று முறை போடுவது: முதல்நாள், ஒரு மாதத்தின் பின், ஆறாம் மாதத்தில். ஒன்று போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மூன்றும் முடிந்து ஓரிரு மாதத்தில் இரத்தத்தைச் சோதித்துக் காப்பு உண்டாயிற்றா என்று கேளுங்கள். ஊசி குத்திவிட்டால், ஓடும் நீரிற் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காயத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், சுண்ணாம்பும் வேண்டாம், வெளிற்றும் தூளும் வேண்டாம். உடனே பொறுப்பானவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதுவியுங்கள். எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மருந்து தேவையென்று வைத்தியர் கண்டால், அதை மணித்தியாலங்களுக்குள், எப்படியும் 72 மணித்தியாலத்திற்குள், தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். சொல்லாத காயத்திற்கு மருந்தில்லை.

எழுதாத காயத்திற்கு நட்டஈடும் இல்லை. வேலையினால் வரும் காயத்திற்கு நட்டஈடு கொடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1934 முதல் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரி இல்லையானால், அது வேலையில் வந்த காயமென்று எப்படி நாட்டுவது? உலக அரங்கிலும் காற்று இப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பாதுகாப்பான வேலைத்தலம் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2022-இல் ஏற்றது. வேலைத்தலத்தில் கிருமிகளால் வரும் அபாயத்தைப் பற்றித் தனி உடன்படிக்கையொன்றை 2025 ஜூனில் நிறைவேற்றியது. உரிமை ஏட்டில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு உதவச் செய்வது நம் வேலை.

சங்கத்து நண்பர்களுக்கும் வேலை உண்டு. நம் சுற்றுவட்டாரத்தில் வைத்தியசாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் யார் யார், அவர்களில் மூன்று ஊசியும் போட்டுக்கொண்டவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். விடுபட்டவரை அழைத்துக்கொண்டு போய் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியிடம் பணிவாக, ஆனால் விடாமல், கேளுங்கள். அறிவிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுக்க நம்மிடம் நல்ல கையெழுத்துக்காரர் இல்லையா? நோயாளரைப் பார்க்கப் போகும் நாமும் கூட்டங் கூட்டமாகப் போகாமல், அட்டென்டனை ஏசாமல், குப்பையைக் கண்ட இடத்தில் எறியாமல் இருந்தால் அதுவே ஒரு காப்பு.

அன்பர்களே, வைத்தியசாலை ஊழியரைத் தெய்வமென்று போற்றும் வழக்கம் நமக்கு உண்டு. கொவிட் காலத்திற் கை தட்டினோம், விளக்கேற்றினோம். அந்த அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தெய்வத்திற்கு முதுகு வலிக்காது. தெய்வத்திற்கு ஊசி குத்தாது. மனிதருக்கு வலிக்கும், குத்தும். தியாகி என்று மாலை போடுமுன், தியாகம் செய்ய நேராதபடி ஒரு பெட்டியும் மூன்று ஊசியும் இன்னும் ஒரு துணையாளும் கொடுப்பதே உண்மையான மரியாதை. வெள்ளம் வருமுன் அணை கட்டு என்று நம் முன்னோர் சொன்னது வயலுக்கு மாத்திரமன்று.

மழையில் நனைந்து நம் வீட்டுக்கு வந்த அந்தத் தம்பி இச்சபையில் இருக்கிறார். போன வாரம் முதல் ஊசி போட்டுக்கொண்டதாகச் சற்றுமுன் நம்மிடம் சொன்னார். இன்னும் இரண்டு பாக்கி. அவற்றைப் போட்டுக்கொள்ளாமல் அடுத்த ஆண்டு விழாவிற்கு வந்தால் நாம் விடமாட்டோம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறோம். அவரோடு இன்னும் பத்துப் பேர் போட்டுக்கொண்டார்கள் என்ற செய்தியை அடுத்த மலரிலே வாசிக்கும் பாக்கியம் நமக்குக் கிட்டுமானால், இன்று பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.